எனக்கு முன்னால் ஊருக்குப் போன மெஷின்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளிருக்குப் பயந்து போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோது போன் அடித்தது. அந்த நேரத்தில் அடித்தால் அது ஊர்தான். இங்கே இருக்கிறவர்கள் ஞாயிறு காலையில் யாரையும் எழுப்ப மாட்டார்கள். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருக்கும் போன் பூத்திலிருந்து அக்கா மகள் செல்வி பேசினாள். பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர்கள் நலம் விசாரிப்பதில்லை, நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்.

"சித்தி, கம்பெனிய மூடுறாங்க. மெஷினெல்லாம் கழட்டிப் பெட்டியில போடப் போறாங்களாம்."

எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை, ஏதோ வேறு தேசமாம், அங்கே நம் ஊரைவிடக் கூலி கம்மியாம் என்றாள். அடுத்த வாரம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக்காரர் படுக்கையிலிருந்தே யாருக்கு என்ன என்று கேட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை, என் மெஷின் மறுபடியும் ஊர் மாறுகிறது என்றேன். அவர் புரிந்துகொண்டு எழுந்து போய் டீ போட்டார். எங்கள் வீட்டில் அவர் டீ போட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், தோசை மாவு புளிக்காத கதையை எழுதுவார்கள். அதெல்லாம் எனக்கும் உண்டு, நான்கு நாள் ஆனாலும் என் மாவு பொங்குவதில்லை. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்திருப்பது ஒரு மர ஸ்டூலைப் பற்றியும் அதன்மேல் போட்ட குஷனைப் பற்றியும்.

2

எங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலைக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தார். பின்னாலேயே நானும் வந்தேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். நம் ஊரில் தெருவுக்கு ஒரு கோயில் இருப்பதுபோல இங்கே தெருவுக்கு ஒரு ஷூ கம்பெனி. காலையில் சங்கு ஊதியதும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பி நடக்கும். மகள் கவிதா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன்.

ஊருக்கு எழுதியபோது ஷூ கம்பெனியில் தையல் வேலை என்று எழுதினேன். தோல் என்ற வார்த்தையை ஜாக்கிரதையாக விட்டுவிட்டேன். நாங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்து, மழை ஏமாற்றி ஏமாற்றிக் கடைசியில் டவுனுக்கு வந்த குடும்பம். நிலம் போனதே தவிர ஜம்பம் போகவில்லை. தோலைத் தொடுகிற வேலை வேறு யாருக்கோ உரியது என்று நினைக்கிற ஜம்பம் அது. எனக்கு அது முதல் வாரத்திலேயே கழன்று விழுந்துவிட்டது. இங்கே வேலைக்கு எடுத்தவர்கள் என் விரல்களை மட்டும்தான் பார்த்தார்கள்.

நாங்கள் தைத்தது ஷூவின் மேல்பாகம் மட்டும். வெட்டிய தோல் துண்டுகள் கூடை கூடையாக வரும். அவற்றை ஒன்று சேர்த்துத் தைத்து அனுப்பினால், அடுத்த கூடத்தில் ஆண்கள் அடிப்பாகத்தை வைத்து முழு ஷூவாக்குவார்கள். எங்கள் கூடத்தில் எல்லாரும் பெண்கள். மெஷின் சத்தம், அதற்கு மேல் ரேடியோ, அதற்கும் மேல் பேச்சு. காது கேட்காததால் உதட்டசைவைப் பார்த்தே புறம் பேசுவார்கள். என் ஆங்கிலத்தில் பாதி அப்படிச் சத்தமே இல்லாமல் கற்றுக்கொண்டது. அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் என் உச்சரிப்பைக் கேட்டால் கவிதா கண்ணை மூடிக்கொள்கிறாள்.

ஸ்டூல்கள் கட்டை மரம். சாய்மானம் கிடையாது. முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, நின்றுகொண்டே சாப்பிட்டேன். மற்றவர்கள் ஆளுக்கொரு குஷனை ஸ்டூலோடு நாடாவால் கட்டி வைத்திருந்தார்கள். அதைக் கம்பெனி கொடுப்பதில்லை. கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது. புதிதாக வருகிறவளுக்குப் பக்கத்து ஸ்டூல்காரிதான் தைத்துக் கொடுக்க வேண்டும். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. அவள் கொடுக்கும்வரை புதியவள் கட்டையில் உட்கார வேண்டியதுதான்.

என் பக்கத்து ஸ்டூலில் ஜோன். நெடுநெடுவென்று எலும்பும் தோலுமாக இருப்பாள், லேசில் சிரிக்க மாட்டாள். ஒரு வாரம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, நான் காலத்துக்கும் கட்டையில்தான் உட்காரப் போகிறேன் என்று முடிவு கட்டிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை போனால் என் ஸ்டூலில் ஒரு குஷன் இருந்தது. நான் முதல் நாள் கட்டிக்கொண்டு போன புடவையின் நிறத்தில், ஆரஞ்சுத் துணியில். அந்த நிறத்துக்காக எத்தனை கடை ஏறினாளோ. நான் நன்றி சொன்னதற்கு ஜோன் தலை நிமிராமல், "ஸ்டூல் கெட்டி" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். அதை அவள் என்றைக்கும் வாயால் சொன்னதில்லை.

சங்கத்தில் சேர்ந்ததும் அந்த வாரம்தான். இங்கே தொழிற்சங்கத்தில் ஒருவரை ஒருவர் பிரதர், சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் கூடத்தின் சங்கப் பிரதிநிதி ஐரீன் குண்டான, சிவந்த முகக்காரி. கூட்டத்தில் "சிஸ்டர் சரோஜா" என்று அவள் கூப்பிட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குக் காரணம் உண்டு. என் அப்பா திருவண்ணாமலையில் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்கியவர். சுமை தூக்குகிறவர்கள் சங்கத்தில் அவர்தான் செயலாளர். மண்டியில் அவரைத் 'தோழர்' என்று கூப்பிடுவார்கள். நான் சீமைக்கு வந்தது அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அங்கே போய்ச் சங்கத்தில் சேர்ந்தேன் என்பதை மட்டும் டீக்கடை டீக்கடையாகச் சொன்னாராம்.

3

எண்பதுகள் பிறந்ததும் கம்பெனியில் ஆர்டர் குறைந்தது. வெளியிலிருந்து மலிவு ஷூ வந்து குவிகிறது என்றார்கள். சின்னச் சின்னக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. காலைச் சங்குகள் குறையக் குறைய, ஊரில் எது எத்தனை மணி என்பதே குழம்பிப்போனது. எங்கள் மேனேஜர் ஹார்ட்லி இந்தியாவுக்குப் போய்வந்தார். மூக்கு வெயிலில் உரிந்து திரும்பி வந்தவர், என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் வரைபடம் விரித்திருந்தது. அவர் விரல் வைத்த இடத்தை நான் குனிந்து படித்தேன். வேட்டவலம் ரோடு. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

தையலை மட்டும் அங்கே கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். வடாற்காட்டில் தோல் இருக்கிறது, கைகள் இருக்கின்றன, சென்னைக் கூட்டாளி ஒருவர் ஷெட் போட்டுத் தருகிறார். இதெல்லாம் சொல்லிவிட்டு, அவர் முக்கியமாகச் சொல்ல விரும்பியது வேறு ஒரு கதை.

கூட்டாளியின் கார் திண்டிவனத்தில் நின்றுவிட்டதாம். ஹார்ட்லி அவசரப்பட்டுத் தனியாகப் பஸ் ஏறித் திருவண்ணாமலையில் இறங்கியிருக்கிறார். இறங்கியதும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கி வைத்து ஏற்றிக்கொண்டார். இவர் கம்பெனி விலாசம் எழுதிய சீட்டைக் காட்டினார். அவர் பார்க்காமலேயே தெரியும் தெரியும் என்று தலையாட்டி, வேட்டவலம் ரோட்டுக்கு நேர் எதிராகச் செங்கம் ரோட்டில் மிதித்து, ஆசிரம வாசலில் இறக்கிவிட்டார். சாப்பாட்டு நேரம். யாரோ கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து இலை போட்டார்கள். தரையில் சம்மணம் போட வராமல், காலை ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டு சாம்பார் சாதம் சாப்பிட்டிருக்கிறார். பிறகு எல்லாரும் போய்ச் சும்மா உட்கார்ந்த கூடத்தில் இவரும் உட்கார்ந்தார். எப்போது எழுந்திருக்கலாம் என்று யாரும் சொல்லாததால் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டாராம்.

அங்கே யாரும் தன்னிடம் ஒன்றும் விற்கவில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அதிசயத்திலிருந்து அவர் இன்னும் வெளியே வரவில்லை என்று தெரிந்தது.

பின்னால் ஊருக்குப் போனபோது அந்த ரிக்‌ஷாக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "வெள்ளக்காரரு வேற எதுக்கும்மா நம்ம ஊருக்கு வரப்போறாரு?" என்றார். அதுவரைக்கும் அது சரியான கணக்குதான்.

4

ஹார்ட்லி கேட்டது இதுதான். எங்கள் வரிசை மெஷின்கள் முதலில் கப்பல் ஏறும். நான் பின்னாலேயே போய், சில வாரங்கள் தங்கி, அங்கே எடுக்கும் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்க வேண்டும். விமானச் செலவு கம்பெனியுடையது, இங்கே சம்பளமும் ஓடும்.

நான் ஊர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அம்மா போனபோதுகூடப் போக முடியவில்லை, டிக்கெட்டுக்கு வழியில்லை. இப்போது யாரோ டிக்கெட்டைக் கையில் கொடுத்து, உன் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, போய்ச் செய்துவிட்டு வா என்கிறார்கள். எனக்கு ஆசை. வெட்கமில்லாத ஆசை. ஆனால் நான் போய் அங்கே ஒருத்திக்குச் சொல்லிக் கொடுத்தால் இங்கே ஒருத்தி எழுந்திருக்க வேண்டும். எனக்குக் குஷன் தைத்துக் கொடுத்தவளும் அதில் உண்டு. ஹார்ட்லியிடம் பதில் சொல்லாமல் நேராக ஐரீனிடம் போனேன். கூட்டம் போடச் சொன்னேன்.

கேன்டீனில் கூட்டம். நான் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்றால் போக மாட்டேன் என்றும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் நெஞ்சு ஏற்கெனவே பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றுகொண்டிருந்தது.

ஜோன் கூட்டங்களில் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு எழுந்தாள். இவள் போய்ச் சொல்லிக் கொடுப்பது நம் வேலையை நாமே மூட்டை கட்டித் தலையில் தூக்கி வைப்பதுதான், வேறு யாராவது போகட்டும், நம்மில் ஒருத்தி போகக் கூடாது என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. வேறு சிலரோ, பாவம், அவள் அப்பாவைப் பார்த்து எத்தனை வருஷம் என்றார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

கடைசியில் ஐரீன் பேசினாள். அவள் பேச்சு என் காதில் எங்கள் ஊர்த் தமிழில்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

"மெஷினுங்க போறது போறதுதான். நாம கை தூக்கறதுக்குக் கப்பல் நிக்காது. சிஸ்டர் போவட்டும். ஆனா தையல மட்டும் சொல்லிக் குடுத்துட்டு வரக்கூடாது. நமக்கு இன்னா கூலி, எத்தினி எடைவேளை, அதெல்லாம் யார்கிட்ட சண்டை போட்டு வாங்கினோம், அதையும் அந்தப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வரணும். சம்மதமா?"

கை தூக்கினார்கள். மயிரிழையில் நிறைவேறியது. என் கை மடியிலேயே இருந்தது. வேண்டாம் என்பவர்கள் தூக்கியபோது என் பக்கத்தில் ஜோனின் நீளமான கை நேராக மேலே போனது.

அதன் பிறகு ஜோன் என்னோடு பேசவில்லை. மெக்கானிக்குகள் வந்து எங்கள் வரிசையை மேசை, ஸ்டூல், மெஷின் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். ஜோனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். என் மெஷினைக் கவிழ்த்தபோது அடியில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சூப்பர்வைசர் கண்ணில் படாமல் நான் வைத்த குங்குமம்தான். மெக்கானிக் துரு என்று நினைத்துச் சுரண்டப் போனார், விடச் சொன்னேன். நான் கிளம்புவதற்கு முன்னால் அது கடலில் இருந்தது.

நான் கிளம்பும் நாளுக்கு முந்திய நாள், கோட்டு மாட்டும் அறைக்கு ஜோன் வந்தாள். கையில் ஒரு காகிதப் பை. புதிதாகத் தைத்த குஷன், கருநீலத் துணி, நான்கு மூலையிலும் நாடா.

"என் எடத்துக்கு வர்றவளுக்கு" என்றாள். பிறகு, "ஸ்டூல் கெட்டி."

அவ்வளவுதான், போய்விட்டாள். நான் கோட்டுகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

5

வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா, பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை, மாப்பிள்ளை சௌக்கியமா என்று கேட்கவில்லை. "ஒங்க சங்கத்துல ஒத்துக்கினாங்களா?" என்றார். ஓட்டெடுப்பைச் சொன்னேன். ஜோனின் கையைச் சொன்னேன். அந்தம்மா நல்லவங்க என்றார். அதன் பிறகுதான் என் பெட்டியைத் தூக்கினார். எழுபதைத் தாண்டிய மனிதர், மூட்டை தூக்கின பழக்கத்தில் தோளில்தான் வைத்தார்.

ஷெட்டில் முப்பது நாற்பது பெண்கள் இருந்தார்கள். பஸ்ஸிலும் நடந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடம் முடித்தவர்கள் நிறையப் பேர். ஜோனின் மெஷினில் செல்வியை உட்கார வைத்தது நான்தான், சொந்தக்காரப் புத்தி எங்கே போகும். அவளுடைய அப்பா, தோலைத் தொடுகிற வேலையா என்று முதலில் குதித்தார். முதல் சம்பளம் வந்ததும் அவரே அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். செல்விக்குப் பக்கத்தில் முனியம்மா. அவர்கள் ஊர்க் காலனியிலிருந்து வருகிறவள். ஊரில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்காத இரண்டு வீட்டுப் பெண்கள் ஒரே பெஞ்சில் முழங்கை இடிக்க உட்கார்ந்து தைத்தார்கள். நான் குஷனைச் செல்வியிடம் கொடுத்து, இது யார் கொடுத்தது, என்ன வழக்கம் என்று சொன்னேன். அடுத்த வாரம் முனியம்மாவின் ஸ்டூலிலும் ஒன்று இருந்தது, செல்வியின் பழைய பாவாடையில் தைத்தது. மாசம் முடிவதற்குள் எல்லா ஸ்டூலிலும் வந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்த சில நாளில் ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் தெளித்தார்கள். அடியில் எண்ணெய் விட ஒருத்தி என் மெஷினைச் சாய்த்தவள், மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். சீமை மெஷினுக்கு அங்கேயே யாரோ பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று ஷெட் முழுக்க ஒரே பேச்சு. நான் சொல்லும்வரை அந்தத் தேசத்தின் மேல் அவர்களுக்கு மரியாதை கூடிப்போயிருந்தது.

ஐரீன் சொன்னதை மறக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், மலை தெரிகிற பின்பக்கம் எல்லாரும் டப்பாவைத் திறந்தபோது சொன்னேன். நீங்கள் ஒரு மாசம் பூராவும் வாங்குவதை நாங்கள் அங்கே இரண்டு மூன்று நாளில் வாங்குகிறோம் என்றேன். காலையில் ஒரு இடைவேளை, மாலையில் ஒன்று, உடம்புக்கு முடியாவிட்டால் சம்பளத்தோடு லீவு. முனியம்மாதான் முதலில் கேட்டாள், அங்கே அரிசி என்ன விலை என்று. சொன்னேன். வாடகை கேட்டாள், சொன்னேன். விறகு கேட்டாள். நிலக்கரியும் கேஸும் என்றேன். கணக்குப் போட்டு முடித்தவள் போலத் தலையாட்டினாள்.

"செலவு ஜாஸ்திதான். அப்பவும் இடிக்குதேக்கா. ஷூ அதே ஷூ. நாங்க தெச்சா கம்மி, நீங்க தெச்சா ஜாஸ்தி. அந்த மிச்சம் யாருக்குப் போவுது?"

அதற்கு ஐரீன் எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்து அனுப்பவில்லை.

அவர்கள் உடனே கூலிக்காகக் கொடி பிடித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சங்கம் பிறந்தது தீபத்துக்காக. வசந்தகால ஆர்டருக்குச் சரக்கு போயாக வேண்டும். அந்த அவசரம் சரியாகக் கார்த்திகை தீபத்தில் வந்து விழுந்தது. ஹார்ட்லி தேதி பார்த்துக் கையெழுத்துப் போட்டபோது அவருக்கு மலை தெரியும், தீபம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய, ஷெட்டைப் பார்த்துக்கொண்ட சென்னை மேனேஜர், தீபத்தன்றும் ஷெட் ஓடும், வராதவர்கள் நின்றுகொள்ளலாம் என்று போர்டில் எழுதி ஒட்டிவிட்டார். வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள் வந்து இறங்குகிற நாளில், ரோட்டில் கால் வைக்க இடமில்லாத நாளில், மெஷினாம்.

எல்லாரும் வந்தார்கள். உள்ளேதான் போகவில்லை. கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள், முந்திய நாளே அவிழ்த்துப்போன குஷனை எடுத்து வந்து போட்டுக்கொண்டு. நான் கம்பெனி அனுப்பிய ஆள், உள்ளே இருந்திருக்க வேண்டும். சிஸ்டர் என்று ஒரு தரம் கூப்பிடப்பட்டவளால் வெளியேதான் உட்கார முடிந்தது. எதிர்ப்பக்கம் டீக்கடையில் அப்பா நின்றார். வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று செல்வி போய்க் கூப்பிட்டாள். அது ஒங்க சங்கம், நீங்க பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொன்னார். ஆனால் சாயங்காலம்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

இருட்டுகிற நேரத்தில் மலை உச்சியில் தீபம் தெரிந்தது. எல்லாரும் எழுந்து அரோகரா சொன்னார்கள். உள்ளேயிருந்த மேனேஜரும் வெளியே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட கையோடு மறுநாள் எட்டுப் பேரை வேலையைவிட்டு நிறுத்திப் பெயரை நோட்டீஸ் போர்டில் ஏற்றினார், செல்வியும் முனியம்மாவும் அதில் இருந்தார்கள். மற்றவர்கள் மெஷின் அருகே போகவில்லை, எல்லாருமாக வருகிறோம் இல்லாவிட்டால் யாரும் வரவில்லை என்றார்கள். கப்பல் தேதி நெருங்கிவிட்டது, அவருக்கு வேறு வழியில்லை. பெயர்கள் இறங்கின. தீபத்துக்குச் சம்பளத்தோடு லீவு என்று எழுதிக் கொடுத்தார். அடுத்தடுத்த வருஷங்களில் கூலியும் கொஞ்சம் ஏறியது, ஊர் ஊராகப் போய் ஏற்றிவர ஒரு வேனும் வந்தது.

6

நான் திரும்பி வந்த அடுத்த வசந்தத்தில் இங்கே எங்கள் கூடத்தை முழுக்க மூடினார்கள். வேலை தேடித் தரும் அரசாங்க ஆபீஸில் ஜோனும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். முன்பு போலவே பேசிக்கொண்டோம், அதாவது அதிகம் பேசாமல். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் மரியாதையாகத்தான் கேட்டான், என்ன வேலை தெரியும் என்று. சொன்னேன். அந்த வேலை இப்போது இந்த வட்டாரத்தில் இல்லையே என்றான். பிறகு காகிதத்தில் இருந்த அடுத்த கேள்வியைப் படித்தான். வேலை இருக்கிற ஊருக்கு இடம் மாறிப் போகத் தயாரா?

வேலை இருக்கிற இடம் என் அப்பா வீட்டுக்குப் பக்கத்துத் தெரு என்றேன். அவன் தபால் குறியீடு கேட்டான். பின்னாலிருந்து ஜோன் சிரித்தாள். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

எனக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஜோன் மளிகைக் கடையில் பில் போடுகிறாள். ஹார்ட்லிக்கும் வேலை போனது, கம்பெனியை வாங்கியவர்களுக்கு அவர் தேவைப்படவில்லை. இப்போது குளிர்காலம் வந்தால் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கி ஆசிரமத்துக்குப் போய்வருகிறாராம். செல்வி இரண்டு முறை பார்த்திருக்கிறாள். ரிக்‌ஷாக்காரர் கடைசியில் அவரைச் சரியான இடத்தில்தான் இறக்கியிருக்கிறார்.

கவிதா இப்போது பெரியவளாகிவிட்டாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். செல்வியிடம் போனைக் கொடுத்தால் "நல்லா இருக்கேன், நீங்க" என்பதோடு அவள் தமிழ் தீர்ந்துவிடும், பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் ஊர் அவளுக்கு மூன்று முறை போன விடுமுறை. அது எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனி மூடுகிறார்கள் என்று சொன்ன அன்று, அட்லஸை எடுத்துவந்து மேசைமேல் விரித்து, இதற்கு மேல் மலிவாக எங்கே போவார்கள் என்று தேடினாள். இங்கே மூடினபோது உங்களுக்குக் கோபம் வந்ததே, இப்போது செல்விக்கும் வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். அப்படியானால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏன் ஒன்றும் செய்யவில்லை என்றாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டாலும் அது முனியம்மா கேட்ட கேள்வியின் தங்கை என்று எனக்குத் தெரிந்தது.

சங்கம் வைத்ததால்தான் கம்பெனி போகிறது என்று அந்தச் சென்னை மேனேஜர் சொல்லித் திரிகிறாராம். செல்வி அதைச் சொல்லி வருத்தப்பட்டாள். இங்கே எங்கள் சங்கம் கேட்ட கூலியைக் குறைத்துக்கொள்ளக்கூடச் சம்மதித்தது, அப்படியும் போனார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். அப்பா இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

7

நேற்று ஆயுத பூஜை. வீட்டுத் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனுக்காகக் காத்திருந்தேன். செல்வி பேசினாள். முந்திய நாளே லாரி வந்து பெட்டிகளை ஏற்றிப் போய்விட்டதாம். நேற்று எல்லாரும் போய், மெஷின் இருந்த இடத்துத் தரையைக் கழுவிக் கோலம் போட்டுப் பொரி வைத்துப் பூஜை முடித்தார்களாம். கேட்கக் கஷ்டமாக இருந்தது. அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். முனியம்மாவும் அவளுமாக ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள், எடுத்தால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"சித்தி, ஒன்னு சொல்லணும். அந்த நீலக் குஷன நான் எடுத்துக்கினு வரல. நாடா இத்துப்போயிருந்துச்சு, புதுசா தெச்சு, ஸ்டூலோட கட்டிப் பெட்டிக்குள்ள வெச்சுட்டேன். எங்க போவுதோ, யாரு வந்து குந்துவாங்களோ. ஆனா ஸ்டூலு அதே ஸ்டூலுதான."

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலை கடைக்குப் போனேன். ஜோனின் வரிசையில்தான் நின்றேன், அது நீளமாக இருந்தாலும். என் முறை வந்ததும் பாலையும் ரொட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டே சொன்னேன். செல்வி செய்ததைச் சொன்னேன், அவள் சொன்னதை என்னால் முடிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஜோன் தலை நிமிராமல் பில் மெஷினில் விலையை அழுத்திக்கொண்டிருந்தாள். ரொட்டியை அழுத்தினாள், வெங்காயத்தை அழுத்தினாள். பிறகு கை நின்றது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

"நாலு நாடாவும் தெச்சாளா?" என்று கேட்டாள்.

நாலும் என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பாலை மறுபடியும் ஒரு தரம் அழுத்திவிட்டாள். நானும் இரண்டு பாலுக்கான காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.